வெற்றெடை

முப்பத்தொரு அறுவடை
இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து
லாரிகளை நிறுத்திருக்கிறேன்.
நிறைவண்டி ஒரு முறை.
தானியத்தைக் குழியில் கொட்டிய பின்
வெறுவண்டி ஒரு முறை.
முன்னதில் பின்னது போக
மிச்சம் கோதுமை.

இரண்டு முறையும் ஓட்டுகிறவர்
இருக்கையிலேயே இருப்பதால்
ஆளின் எடை தானாகக் கழிந்துவிடும்.
மிரோன் கொஸ்தியுக்
அப்படித்தான் என்னிடம் கழிந்துகொண்டிருந்தார்,
எழுபத்தொன்பதில் வாங்கிய சிவப்பு லாரியில்
சன்னல்மேல் முழங்கையை வைத்தபடி.

ஒருநாள் சீட்டு வாங்கிப் போனவர்
ரயில்பாதை வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்.
"நிறைவண்டியில் ஸ்டெஃபானியா இருந்தாள்.
கொட்டும்போது இறங்கித் தபாலாபீஸ் போய்விட்டாள்.
என் பெண்சாதிக்கும் சேர்த்துக்
கோதுமைக் காசு கொடுத்துவிட்டாய்."
எத்தனை கிலோ என்றேன்.
கதவைத் திறந்து
தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்து
குரலைத் தாழ்த்தினார்:
"அறுபது எழுது.
சீட்டு அவள் கையில் போகுமென்றால் ஐம்பது."
என் இயந்திரம்
பத்துப் பத்தாய்த்தான் காட்டும்.
அறுபதைக் கழித்தேன்.

அந்த அம்மாள் ரெஜைனா ஆஸ்பத்திரியில்
ஆறு வாரம் கிடந்தபோது
மூன்று பெண்களுக்கும் அவரே தலை பின்னினார்.
தெரிந்த முடிச்சு ஒன்றுதான்,
வைக்கோல் கட்டுக்குப் போடுவது.
பள்ளியில் ஒருத்திக்கு அவிழ்க்க முடியாமல்
கத்தரிக்கோல் கேட்டு ஆளனுப்பினார்கள்.
மறுநாளும் பின்னி அனுப்பினார்,
கொஞ்சம் தளர்வாக.

அப்புறம் அந்த அக்டோபர்.
மூன்று வாரம் விடாத மழைக்குப் பின்
நான்கு நாள் வெயில்.
நான்காம் இரவு, வானொலி பனி என்றது.
சுற்றுவட்டாரம் முழுக்க
அறுவடை இயந்திரங்களின் விளக்குகள்
விடியும்வரை ஊர்ந்துகொண்டிருந்தன.
மிரோனின் வயல் மட்டும் இருட்டு.
நடு மகள் மெலானியா
பள்ளிக் கச்சேரியில் கிளாரினெட்;
அவள் தனியாக வாசிக்கும் இடம்
அரை நிமிடம்கூட இல்லையாம்.
புருவமெல்லாம் உமியோடு
முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாராம்.

காலையில் நூற்றிருபது ஏக்கர்
வெள்ளையாய்ப் படுத்துக் கிடந்தது.
நவம்பரில் அள்ளிக்கொண்டு வந்தார்.
முளைவிட்ட கோதுமை.
"கால்நடைத் தீவனம்" என்று
நான்தான் தரம் எழுதினேன், இந்தக் கையால்.
சீட்டை நான்காக மடித்துக்கொண்டு கேட்டார்:
"அவள் வாசித்ததைக் கேட்டாயா?"
கேட்கவில்லை.
அன்றிரவு நான் இங்கே இருந்தேன்.

மார்ச்சில் போய்ச் சேர்ந்தார்,
விதை சலித்து வைத்த மறுவாரம்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
கோயிலில் தேன் கலந்த
கோதுமைச் சோறு கொடுத்தார்கள்.
பாதிரியார் நல்ல தகப்பன் என்றார்,
நிலத்தைத் தாயாய்ப் பார்த்தவர் என்றார்.
ஒரு வேலித்தூணுக்காக
அண்ணனோடு ஒன்பது வருடம்
பேசாதிருந்ததைச் சொல்லவில்லை.
அண்ணன் போதான்
வாசலோரம் நின்றிருந்தார்.
கிண்ணத்தைக் கையில் வாங்கினார்,
தின்னவில்லை.

செப்டம்பர்.
சிவப்பு லாரி மேடைமேல் ஏறியது.
மெலானியா ஓட்டி வந்தாள்.
நிறுத்தேன். கொட்டினாள்.
திரும்ப மேடைக்கு வந்தாள்.

வெறுவண்டியின் எடை
எனக்கு மனப்பாடம்.
டீசல் முன்னே பின்னே இருந்தாலும்
பத்து கிலோவுக்குமேல் மாறினதில்லை.
திரையில் நாற்பது குறைந்திருந்தது.

பூஜ்யம் செய்து
மறுபடி பார்த்தேன்.
நாற்பது.

"என்ன, மெஷின் கோளாறா?" என்றாள்,
சன்னல் வழியே எட்டி.
இல்லை என்றேன். சரியாகத்தான் இருக்கிறது.
சீட்டில் கோதுமையின் எடையை எழுதி
கையெழுத்துப் போட்டேன்.
எழுதுவதற்கு அதில்
வேறு கட்டம் இல்லை.

"ஈரம் பதிமூன்று புள்ளி எட்டு."
"நன்றாய்க் காய்ந்திருக்கிறது," என்றாள்.
பின்னால் நான்கு லாரிகள் நின்றன.
ஒருவன் ஹாரனை அழுத்தினான்.